முதலிடம் ஆண்டவருக்கு, செலவு யாருக்கு?

வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" (மத்தேயு 6:33) என்ற வசனத்தைப் பற்றிய தியானம் வெளியானது. அதன் முடிவில், அன்றாட வாழ்க்கையில் ஆண்டவருக்கு முதலிடம் கொடுப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கல்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். இரவுப் பணி அடிக்கடி வரும். அந்த நாட்களில் அதிகாலை ஜெபம் என்பதே இல்லாமல் போகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஆராதனைக்குப் போக முடிவதில்லை. "காலையின் முதல் மணி நேரத்தைக் கொடுக்காதவள் ஆண்டவருக்கு முதலிடம் கொடுக்கிறேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று என் மாமியார் கேட்கிறார். அவர் ஜெபவீராங்கனை, கோபத்தில் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? (வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: உங்கள் மாமியார் மனதில் மாற்கு 1:35 இருக்கும் என்று நினைக்கிறேன். இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபம் பண்ணினார் என்று அங்கே வாசிக்கிறோம். அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்காமல், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்து அவருடன் உட்கார்ந்து வாசியுங்கள். முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணத்தார் எல்லோரும் வீட்டு வாசலில் கூடி வந்தார்கள். பலவித நோயாளிகளை அவர் சுகப்படுத்தினார். விடிந்ததும் சீமோனும் மற்றவர்களும் தேடி வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார்கள். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். பேர் கிடைத்த ஊரிலேயே தங்கிவிடாமல் அனுப்பினவருடைய சித்தத்தின்படி நடப்பதற்கு அந்த ஜெபம் அவருக்கு வழி திறந்தது. மணியைப் பற்றிய சட்டம் எதையும் அவர் அங்கே போடவில்லை. அதே சுவிசேஷத்தில் ஐயாயிரம் பேரைப் போஷித்த பிறகு, மாலையில் ஜனங்களை அனுப்பிவிட்டு மலையின்மேல் ஏறி ஜெபித்தார். லூக்கா 6:12-இல் இரவு முழுவதும் ஜெபித்தார். வேலை முடிந்த பிறகு வரும் நேரமும் அவருக்கு ஜெப நேரமாக இருந்தது என்பதை நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

நெகேமியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அரண்மனையில் பானபாத்திரக்காரர், உங்களைப்போலவே பணியில் நின்றுகொண்டிருந்தவர். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணி, உடனே ராஜாவுக்குப் பதில் சொன்னார் (நெகேமியா 2:4,5). ஒரு மூச்சு விடும் நேரம்தான் அது. ஊசி போடுவதற்கு முன் நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டையையும் மருந்துச் சீட்டையும் ஒத்துப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்தச் சில விநாடிகளில் அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேச முடியும். கை கழுவும் நேரம் இன்னொன்று. ஒரு இரவில் எத்தனை முறை கை கழுவுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பணியைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பதினெட்டு வருஷமாகக் கூனியாயிருந்த ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில், அதுவும் ஜெப ஆலயத்திலேயே, சுகமாக்கினார். வேறு நாளில் வந்து குணமடையுங்கள் என்று சொன்னவர் ஜெப ஆலயத் தலைவர்தான். வேலூரில் வாழும் நமக்கு இதை விளக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் தன் தகப்பனார் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் பெண்களைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தனர். மருத்துவரான தகப்பனார் வருவார் என்றால், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுக்குப் பிறகு அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1902-இல் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மாற்கு 10:45-இன் வார்த்தைகளை, அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. ஆண்டவரின் அழைப்பு அவருக்கு வாசற்கதவைத் தட்டிய நோயாளிகளின் வீட்டார் வழியாக வந்தது. அதை ஜெபத்துக்கு வந்த இடையூறு என்று அவர் எண்ணியிருந்தால் இந்த ஊரின் கதையே வேறாக இருந்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "என் வேலையே என் ஜெபம்" என்பது எளிதில் வாய்க்கு வரும் வாசகம். அது உண்மையாக இருக்கலாம், சாக்காகவும் மாறலாம். வீட்டு மனைக்குத் தவணை கட்டுவதற்காக நாமாகவே கேட்டு வாங்கும் கூடுதல் பணியும், வார்டில் ஆள் இல்லாததால் நம்மேல் விழும் பணியும் ஒன்றல்ல. எந்த ஞாயிறு எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும், படுப்பதற்கு முன் ஒரு சங்கீதம் வாசியுங்கள். அதுதான் உங்கள் அதிகாலை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது பணியை மாற்றிக் கேளுங்கள். ஆனால், மறுத்துப் பேசத் தெரியாத புதிய செவிலியர் ஒருவரின் தலையில் ஒவ்வொரு முறையும் அதைக் கட்டிவிட்டு ஆராதனைக்கு வராதீர்கள். மாமியாரிடம், நீங்கள் பணிக்குக் கிளம்பும் மாலை வேளையில் உங்களுக்காகக் கைவைத்து ஜெபிக்கும்படி கேளுங்கள். ஜெபவீராங்கனை மறுக்க மாட்டார்.

கேள்வி: தினமும் காலையில் எழுந்தவுடன் வாட்ஸ்அப்பில் அறுபது பேருக்கு வசனம் அனுப்புகிறேன். இதை ஆண்டவருக்குக் கொடுக்கும் முதல் நேரமாகக் கருதலாமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: அனுப்பும் வசனத்தை நீங்கள் வாசித்த பிறகு அனுப்பினால் கருதலாம், தம்பி. யார் யார் பார்த்தார்கள், யார் கைகூப்பிய படம் போட்டார்கள் என்று பார்க்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஷூவுக்கு அப்பர் (மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம். பணம் வந்தவுடன் வேறு எதையும் தொடாமல் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, ஆண்டவருக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். இது என் தகப்பனார் கற்றுக்கொடுத்த பழக்கம். கம்பெனியிலிருந்து பணம் தாமதமாகும் மாதங்களில், வேலை செய்யும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலி ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆண்டவருக்கு முதலில் கொடுத்தால் அவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்பதுதானே விசுவாசம்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: உங்கள் தகப்பனார் கற்றுக்கொடுத்தது நல்ல பழக்கம். "உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" (நீதிமொழிகள் 3:9) என்ற வசனத்தை அவர் கைக்கொண்டார். அந்த வசனத்தில் "உன்" என்று இருப்பதை மட்டும் கவனியுங்கள். வேலை முடிந்த நிமிடத்திலேயே கூலி அந்தப் பெண்களுடையதாகிவிடுகிறது. அது உங்கள் கல்லாப்பெட்டியில் இருந்தாலும் உங்கள் பணம் அல்ல. அவர்களுடைய பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து, உங்கள் பெயர் எழுதிய காணிக்கை உறையில் போட்டு, ஞாயிறு காலை பீடத்தில் வைக்கிறீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேதம் இதைவிடக் கடுமையாகச் சொல்கிறது.

"கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19:13. நீங்கள் இரண்டு வாரம் என்கிறீர்கள். கர்த்தர் ஒரு இரவைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. உபாகமம் 24:15 அதற்குக் காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான், அவன் உன்னை நோக்கிக் கர்த்தரிடம் முறையிட்டால் அது உன்மேல் பாவமாகும். யாக்கோபு தன் நிருபத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் எழுதுகிறார். ஞாயிறு காலை நீங்கள் பாடும் தோத்திரப் பாட்டும் அதே செவிகளுக்குத்தான் போகிறது.

"அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பெண், "அடுத்த வாரம் பார்த்துத் தருகிறேன்மா" என்று நீங்கள் சொன்னதும், "சரிங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கிறாள். அவள் வேறு என்ன சொல்ல முடியும்? ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும், மகளிர் குழுத் தவணைக்கும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் அவள் எங்கே போய்க் கைமாற்று கேட்டாள் என்பதை அவள் உங்களிடம் சொல்லப் போவதில்லை. கம்பெனி தாமதமாகப் பணம் கொடுக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். விசுவாசம் என்ற பெயரில் அந்த நெருக்கடியை உங்களைவிட வலுவில்லாதவர் மேல் இறக்கி வைப்பது விசுவாசம் ஆகாது. ஆண்டவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பினால், பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய அந்த 'மற்றது' உங்கள் சொந்த வீட்டுச் செலவாக இருக்கட்டும்.

தசமபாகத்தின் நோக்கத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. நம் சபைகளில், தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐக் கேட்ட அளவுக்கு உபாகமம் 14-ஐக் கேட்பதில்லை. மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தை வாசல்களில் வைக்க வேண்டும். லேவியனும், பரதேசியும், திக்கற்றவனும், விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. உங்கள் யூனிட்டில் விதவைகள் இருக்கிறார்களா? யாரைத் திருப்தியாக்குவதற்காகத் தசமபாகம் ஏற்பட்டதோ அவரைக் காத்திருக்க வைத்து அதைச் செலுத்துவது முறையாகுமா? இயேசு பரிசேயரிடம், சீரகத்தில்கூடத் தசமபாகம் செலுத்துகிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள், இவைகளையும் செய்ய வேண்டும் அவைகளையும் விடாதிருக்க வேண்டும் என்றார் (மத்தேயு 23:23). ஆகவே தசமபாகத்தை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். பணம் வந்ததும் கூலியைப் பிரித்து வையுங்கள். தோல், நூல், மின்கட்டணம் போன்ற தொழில் செலவுகளைக் கழியுங்கள். உங்கள் கைக்கு நிற்பதில் முதல் பங்கை ஆண்டவருக்கு எடுங்கள். பணம் தாமதமாகும் மாதங்களுக்காக, இரண்டு வாரக் கூலி அளவுக்கு ஒரு தொகையை வங்கியில் தனிக் கணக்கில் சேர்த்து வையுங்கள். அதைச் சேர்க்கும் மாதங்களில் காணிக்கை உறை மெலிந்துபோனால் கமிட்டியார் விசாரிக்கலாம். காரணத்தைச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், கணவர் வீட்டார் இந்துக்கள். என் விசுவாசத்தை யாரும் தடுப்பதில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவினர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அன்று காலையிலிருந்து சமையல் நடக்கும். என் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "அன்று நீ உபவாசம் இருந்து அறைக்குள் ஜெபத்தில் தரித்திரு, ஆண்டவருக்கு முதலிடம் கொடு" என்கிறார். என் அத்தைக்கு முழங்கால் வலி. தனியாக அவ்வளவு பேருக்குச் சமைக்க முடியாது. (வாசகி, குடியாத்தம்)

பதில்: சமையுங்கள், சகோதரி. வந்த விருந்தாளிகளுக்குச் சோறு வடிப்பதும் குழம்பு கூட்டுவதும் ஆராதனை அல்ல. நீங்கள் அறைக்குள் உபவாசமிருந்தால் அந்த உபவாசத்தின் பாரத்தைச் சுமப்பது உங்கள் அத்தையின் முழங்கால்தான். ஏசாயா 58-இல் கர்த்தர் எந்த உபவாசத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்று சொல்கிறார் என்பதை அந்த ஜெபக்குழுச் சகோதரியும் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள்.

ஆராதனை என்பது வேறு. அதில் பங்கெடுக்க முடியாது என்பதை நீங்கள் திருவிழா அன்று காலையில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்பே, அத்தையும் நீங்களும் தனியாக இருக்கும் வேளையில், "அத்தை, எல்லா வேலையும் நான் பார்க்கிறேன், பூஜையில் மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 10:27-29-இல் பவுல் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: முன்வைக்கப்படுவதை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரியாமல் புசிக்கலாம், இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சியின் நிமித்தம் விட்டுவிட வேண்டும்.

குஷ்டரோகியாயிருந்த சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமானைப் பற்றி நம் பிரசங்கங்களில் அவன் யோர்தானில் ஏழுதரம் முழுகினதோடு நிறுத்திவிடுகிறோம். அவன் சுகமான பிறகு எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தான். என் எஜமானாகிய ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது என் கையின்மேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் பணிய வேண்டியிருக்கும், இதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக என்றான். எலிசா நீண்ட போதனை எதுவும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார் (2 இராஜாக்கள் 5:18,19). இதைச் சட்டமாக்கி எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக நீட்டிவிடக் கூடாது. ஆனால் வேற்று மார்க்க வீட்டில் தனியாக நின்று விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும் ஒருவரிடம், தேவமனிதர் எவ்வளவு மென்மையாகப் பேசினார் என்பதை ஜெபக்குழுக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மகள் பத்தாவது படிக்கும்போது ஒரு எழுப்புதல் கூட்டத்தில், அவளுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தால் அவளை வடமாநில மிஷன் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணினேன். நீட் தேர்வில் தேறி இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். பொருத்தனையைச் சொன்னதும், "என்னைக் கேட்டா செய்தீர்கள்?" என்கிறாள். ஆண்டவரை ஏமாற்றிவிட்டேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. (வாசகர், இராணிப்பேட்டை)

பதில்: உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. நியாயாதிபதிகள் 11-இல் யெப்தாவும், தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாகத் தன் வாயைத் திறந்து ஒரு பொருத்தனை செய்தான்; விலை கொடுத்தவள் அவன் மகள். வேதம் அந்தக் கதையைச் சொல்கிறதே தவிர, அப்படிச் செய் என்று அவனிடம் கர்த்தர் கேட்டதாக ஒரு வார்த்தையும் அங்கே இல்லை.

பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளும், பிறந்த சாமுவேலைத்தானே ஒப்புக்கொடுத்தாள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்னாள் தன் கண்ணீருக்கெல்லாம் காரணமாக இருந்த ஒன்றை, தன் மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்தாள். வருஷந்தோறும் சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு சீலோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய வலி அவளுடையது. அங்கேயும், சாமுவேலைப் பேர் சொல்லி அழைக்க வேண்டிய நேரம் வந்தபோது கர்த்தர் தாமே அழைத்தார். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற பதிலைப் பிள்ளையே சொன்னான். தாய் அவனுக்காகச் சொல்லவில்லை.

பொருத்தனையை அற்பமாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதை நிறைவேற்றத் தாமதியாதே என்கிறது பிரசங்கி 5:4. ஆனால் பொருத்தனை செய்யப்பட்ட ஆளைப் பற்றி லேவியராகமம் 27 என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒருவரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால், வயதுக்குத் தக்க மதிப்பின்படி வெள்ளி செலுத்த அங்கே வழி இருக்கிறது. மதிப்பைச் செலுத்த முடியாத ஏழைக்கு, அவன் திராணிக்கேற்ப ஆசாரியன் குறைத்து மதிக்கவும் இடம் இருக்கிறது. மனிதர் அவசரத்தில் வாய் திறப்பார்கள் என்பது தேவனுக்குத் தெரியும். ஆகவே உங்கள் ஆயரிடம் போய் இதைச் சொல்லி, அவரோடு சேர்ந்து ஜெபித்து, நீங்கள் கொடுக்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். ஓய்வுபெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வடமாநில மிஷன் மருத்துவமனைகளில் கணக்கு எழுதவும், பண்டசாலையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஆறு மாதம் நீங்களே போய் வரலாமே. மகளிடம் பொருத்தனையைப் பற்றி இனிப் பேச வேண்டாம். ஒரு முறை மன்னிப்பு மட்டும் கேளுங்கள். அவளுக்கு அழைப்பு வருமானால் அது அவள் பேரைச் சொல்லி வரும்.

கேள்வி: என் கணவர் பாஸ்டரேட் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) இருக்கிறார். திங்கள் கமிட்டிக் கூட்டம், புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாசக் கூட்டம், சனி கிராம ஊழியம். அவருடைய தாயார் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான். நானும் பள்ளிக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் மாலை வீட்டில் இருங்கள் என்றால், "ஆண்டவருக்குத்தான் முதலிடம், நீ சாத்தானுக்கு இடம் கொடுக்காதே" என்கிறார். சபையில் எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். என் பேச்சு எங்கும் எடுபடாது. (வாசகி, ஆற்காடு)

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை உங்கள் கணவர் கண்ணில் படும்படி வையுங்கள். இனி வருவது அவருக்கு எழுதுவது.

ஐயா, மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஒரு மகன் வருகிறான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்கு என்று காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லி நிறுத்திவிடுகிறான். அன்றைய மார்க்கத் தலைவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவேளை புகழ்ந்தும் இருப்பார்கள். இயேசு ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். அந்த மகன் கொடுத்தது பொருள். நீங்கள் கொடுப்பது மாலை நேரம். வேறுபாடு அவ்வளவுதான். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. விதவைகளைப் பராமரிப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் பவுல் அதை எழுதுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் தாயாரைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளை உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதை உங்கள் மனைவி ஒருவரே ஒன்றரை வருடமாக உங்களுக்காக நிறைவேற்றி வருகிறார். படுக்கைப்புண் வராமல் இருக்க, தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இரவில் அது எத்தனை முறை என்று கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் அவர் பள்ளிக்குப் போய்ப் பாடமும் நடத்த வேண்டும். சபை உங்களிடம் பார்க்கும் பக்தியின் செலவு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டு வருகிறது.

நடைமுறையில் இதைச் செய்யுங்கள். நான்கு கூட்டங்களில் இரண்டை இந்த வாரமே விட்டுவிடுங்கள். கமிட்டி நடக்கும், யாரும் இன்றியமையாதவர் அல்ல. அந்த இரண்டு மாலையும் தாயாருக்கு நீங்களே சோறூட்டி, துணி மாற்றி, திருப்பிப் படுக்க வையுங்கள். செய்யத் தெரியாது என்றால் மனைவியிடம் கற்றுக்கொள்ளுங்கள். புதன் வீட்டு ஜெபத்தை மாதத்தில் ஒருமுறை உங்கள் தாயாரின் கட்டிலைச் சுற்றி நடத்தலாம். வருகிறவர்களுக்கு காபி போடும் வேலை மட்டும் மறுபடியும் உங்கள் மனைவி தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தச் சகோதரி கூட்டங்களுக்கு வருவதில்லை என்று குறை பேசுவதை நிறுத்தி, இருவர் இருவராக முறை வைத்து ஒரு சனிக்கிழமை பகலில் போய், அவரைத் தூங்கவிடுங்கள்.

கேள்வி: அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான கிணறு. மோட்டார் ஓட்டும் முறையில் தகராறாகி மூன்று போகமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் சபைக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தேன். இராப்போஜனத்தில் (திருவிருந்தில்) பங்குபெறுவதற்கு முன் தம்பியோடு பேசியே ஆக வேண்டும் என்று உபதேசியார் சொல்கிறார். ஆண்டவருக்குக் கொடுப்பதற்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், காவேரிப்பாக்கம்)

பதில்: உபதேசியார் சொல்வது அவருடைய சொந்தக் கருத்து அல்ல. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று மத்தேயு 5:24-இல் கர்த்தரே சொல்கிறார். தமக்கு வர வேண்டியதை நிறுத்தி வைத்துவிட்டு, முதல் இடத்தை உங்கள் தம்பிக்குக் கொடுக்கச் சொல்கிறவர் அவர்தான். பூசணிக்காய்க்குக் கொடுத்த நாலாயிரம் உங்களுக்குச் சிரமமாக இருந்திருக்காது. தம்பி வீட்டுப் படியேறுவதுதான் சிரமம். அதைத்தான் கேட்கிறார்.

யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. உபதேசியாரையும், இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மும்முனை மின்சாரம் பகலில் எத்தனை மணி நேரம், இரவில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார்த்து, ஒரு வாரம் பகல் முறை உங்களுக்கு, மறு வாரம் தம்பிக்கு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மோட்டார் காயில் எரிந்தால் செலவு பாதிப் பாதி என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் மறுபடி தொடங்குகின்றன. முதல் வாரப் பகல் முறையைத் தம்பிக்கு விடுங்கள்.